ரவுட்டர் ஆட்களை எண்ணுவதில்லை

தண்டையார்பேட்டையிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் கேபிள் தொழிலிலிருந்து பிராட்பேண்டுக்கு மாறி, இப்போது ஐ.பி.டி.வி.யும் (பிராட்பேண்ட் இணைப்பு வழியே வரும் தொலைக்காட்சி) கொடுக்கத் தொடங்கியிருக்கும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, ஒரு சேனலை எந்தெந்த வீடுகள் பார்க்கின்றன என்ற பட்டியல் ரவுட்டரில் இருக்கிறதா என்பதே. அப்படியொரு பட்டியல் ரவுட்டருக்குத் தேவையே இல்லை. தன் கிளையில், அதாவது தன் ஒரு போர்ட்டில் இணைந்த பகுதியில், அந்தச் சேனலின் குழுவை (ஒரே ஓட்டத்தைப் பலருக்கு ஒன்றாக அனுப்பும் மல்டிகாஸ்ட் முகவரியை) விரும்புபவர் ஒருவராவது இருக்கிறாரா என்று தெரிந்தால் அதற்குப் போதும்.

எந்தக் குழு வேண்டும் என்று கருவிகள் ரவுட்டரிடம் சொல்லும் நெறிமுறைதான் ஐ.ஜி.எம்.பி. 2002-இல் ஆர்.எஃப்.சி. 3376 என்ற இணையத் தர ஆவணமாக வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பின்படி, ரவுட்டர் இயல்பாக 125 நொடிக்கு ஒருமுறை 224.0.0.1 என்ற முகவரிக்குப் பொது வினவலை அனுப்புகிறது. கருவிகள் 10 நொடிக்குள் 224.0.0.22-க்குப் பதில் தருகின்றன. 260 நொடி வரை யாரிடமிருந்தும் பதில் வராவிட்டால் அந்தக் குழு கைவிடப்படுகிறது.

உண்மையான நுட்பம் மூல வடிகட்டலில் இருக்கிறது; மூலம் என்பது குழுவுக்கு ஓட்டத்தை அனுப்பும் சர்வர். ‘இந்த மூலங்கள் மட்டும் வேண்டும்’ என்றோ, ‘இவை தவிர எல்லாம் வேண்டும்’ என்றோ ஒரு கருவி சொல்லலாம். முதலாவது இன்க்ளூட், அடுத்தது எக்ஸ்க்ளூட். ஒரே கிளையில் ஒரு வீடு ‘அ மட்டும்’ என்றும், இன்னொரு வீடு ‘அ, ஆ தவிர எல்லாம்’ என்றும் கேட்டால், யாருக்கும் வேண்டாத ஆ ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டு, மற்ற அனைத்தையும் ரவுட்டர் அந்தக் கிளைக்கு அனுப்பும். எவருடைய தேவையும் விடுபடக் கூடாது என்ற இந்த நியாயம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: எக்ஸ்க்ளூட் கேட்கும் கருவி ஒன்றே ஒன்று இருந்தாலும், அந்தக் கிளை முழுவதும் போக்குவரத்து பெருகிவிடும்.

இரண்டாம் பதிப்பு மட்டுமே தெரிந்த பழைய செட்-டாப் பாக்ஸுகளால் வரும் சிக்கலும் இதுதான். அவற்றின் பதிலில் மூலத்தைக் குறிப்பிடவே இடமில்லை என்பதால், ரவுட்டர் அதை ‘எதையும் விலக்காத எக்ஸ்க்ளூட்’ என்று எடுத்துக்கொள்கிறது. அந்தக் குழுவில் மற்றவர்கள் அனுப்பும் ‘இந்த மூலத்தை நிறுத்து’ என்ற செய்திகளையும், அந்தப் பழைய பாக்ஸ் குழுவில் இருக்கும்வரை, ரவுட்டர் பொருட்படுத்துவதில்லை.

ஆகவே சேனல்களை மூலம் குறிப்பிட்டே கேட்கும்படி 232.0.0.0/8 வரம்பில் (232 என்று தொடங்கும் முகவரிகளில்) வைப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. அந்த வரம்பில் எக்ஸ்க்ளூட் செல்லாது. இரண்டாம் பதிப்பின் பதில்களையும் ரவுட்டர் ஏற்காது. எனவே பழைய பாக்ஸுகளை முதலில் மாற்றிவிட்டு, தெருவிலுள்ள சுவிட்சின் ஸ்னூப்பிங் (இந்தச் செய்திகளைக் கவனித்து, கேட்ட வீடுகளுக்கு மட்டும் ஓட்டத்தை அனுப்பும் வசதி) மூன்றாம் பதிப்பைப் புரிந்துகொள்கிறதா என்று சோதித்த பிறகே சேனல்களை அங்கே நகர்த்துங்கள்.