கேட்டோ மேனரில் ஒரு வாடகைக் கடை: எங்கள் நில உரிமைக் கோரிக்கையின் அனுபவம்

டர்பன் நகரின் கேட்டோ மேனரில் என் தாத்தா நடத்திவந்த மளிகைக் கடைக்காக, தென்னாப்பிரிக்காவின் 1994ஆம் ஆண்டு நில உரிமை மீட்புச் சட்டத்தின் கீழ் எங்கள் குடும்பம் கோரிக்கை வைத்து ஈட்டுத்தொகை பெற்றது. கடை இருந்த நிலம் தாத்தாவுக்குச் சொந்தமானதன்று. அவர் வாடகைக்கே இருந்தார். வாடகைக்கு இருந்தவர்களுக்கு இச்சட்டத்தில் இடமில்லை என்று எண்ணி, 1998 டிசம்பர் 31 என்ற கடைசி நாளைக் கடந்துவிட்ட கடைக்காரக் குடும்பங்களை நான் அறிவேன். அதனாலேயே இதை எழுதுகிறேன்.

1913 ஜூன் 19க்குப் பிறகு, இனப் பாகுபாட்டுச் சட்டங்களால் நில உரிமையை இழந்தவர்களோ அவர்களின் நேரடி வாரிசுகளோ கோரிக்கை வைக்கலாம் என்பது சட்டத்தின் அடிப்படை. உரிமை என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் பத்திரத்தோடு நின்றுவிடுவதில்லை. பறிக்கப்படுவதற்கு முன் தொடர்ந்து 10 ஆண்டுகளுக்குக் குறையாமல் ஓர் இடத்தைப் பயன்படுத்திவந்ததும் அதில் அடங்கும். ஒவ்வோர் இனத்தவரும் எந்தப் பகுதியில் வாழலாம் என்று பிரித்த 1950இன் குழுப் பகுதிகள் சட்டத்தைக் கொண்டு 1958இல் கேட்டோ மேனர் வெள்ளையருக்குரிய பகுதியாக அறிவிக்கப்பட்டது. தாத்தா 1963இல் கடையை மூடினார். பின்னர் குடும்பம் டர்பனில் இந்தியர்களுக்கென ஒதுக்கப்பட்ட சாட்ஸ்வர்த்துக்குக் குடியேறியது. ஆகவே 1953 முதல் 1963 வரை கடை இடைவிடாமல் அங்கே இருந்தது என்பதைத்தான் நாங்கள் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்கள் இந்தியர்களைத் தாக்கிய கலவரத்தில் கடை சூறையாடப்பட்டபோது அதற்கு முந்தைய தாள்கள் எல்லாம் அழிந்துபோயின. நல்லவேளையாக, அந்த ஆண்டுகள் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

எங்களுக்குக் கைகொடுத்தவை வணிக உரிமத் தாள்கள். டர்பன் அமைந்த நேட்டாலில் 1897ஆம் ஆண்டுச் சட்டம், உரிமம் தரவும் மறுக்கவும் உரிம அதிகாரிக்கு முழு அதிகாரம் கொடுத்தது. கணக்கை ஆங்கிலத்தில் வைக்காத கடைக்காரருக்கு உரிமத்தை மறுக்கவும் அதில் வழி இருந்தது. இந்திய வணிகர்களை ஒடுக்குவதற்காகவே அது இயற்றப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்ததால், தலைமுறை தலைமுறையாக நம் கடைக்காரர்கள் ஒவ்வோர் ஆண்டும் அச்சத்தோடே காத்திருந்தார்கள். ஆனால் அப்படிப் புதுப்பித்த தாள்களே, எந்த ஆண்டில் எந்த இடத்தில் யார் கடை வைத்திருந்தார் என்பதற்கு அரசு முத்திரையுள்ள சான்றுகளாக எங்களுக்குப் பயன்பட்டன. என் அத்தை அவற்றைத் தகரப் பெட்டியில் பாதுகாத்து வைத்திருந்தார். விடுபட்ட ஆண்டுகளுக்கு, தெருவாரியாகக் கடைகளைப் பட்டியலிடும் பிராபிஸ் நேட்டால் டைரக்டரியை நூலகத்தில் பார்த்து, தாத்தாவின் பெயர் வரும் பக்கங்களைப் படியெடுத்துச் சேர்த்தோம். அந்தக் கடையில் சாமான் வாங்கிய முதியவர்கள் காவல் நிலையத்துக்கு வந்து, சத்தியப் பிரமாண வாக்குமூலங்களில் கையெழுத்திட்டுத் தந்தார்கள்.

நிலத்தை அடையாளம் காட்டுவது இதைவிடக் கடினமாக இருந்தது. கட்டடங்கள் இடிக்கப்பட்டுத் தெருக்களும் மறைந்துவிட்டதால், பழைய முகவரியை வைத்து எதையும் நிறுவ முடியவில்லை. மனையின் பதிவு எண் வேண்டும் என்றார்கள், கோரிக்கைகளை ஆராயும் நில உரிமை மீட்பு ஆணையத்தார். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள பத்திரப் பதிவகத்திலும் நில அளவைத் தலைமை அலுவலகத்திலும் பழைய வரைபடங்களைத் தேட வேண்டும். நில உரிமையாளரின் வாரிசுகளும் அதே மனைக்குக் கோரிக்கை வைத்திருந்தது எங்களுக்கு முதலில் கலக்கத்தைத் தந்தது. எனினும் உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் இழப்பு வேறுவேறு என்பதால் இரண்டும் தனித்தனியாக ஆராயப்பட்டன. அந்தக் குடும்பம் மனை எண்ணைத் தந்ததோடு, தாத்தா தங்களிடம் வாடகைக்கு இருந்ததை எழுதியும் கொடுத்தது. அதே பகுதியில் இந்தியர்களின் நிலத்தில் வாடகைக்குக் குடியிருந்து, பின்னர் ஆப்பிரிக்கர்களுக்கென ஒதுக்கப்பட்ட குவாமஷுவுக்கும் உம்லாசிக்கும் அகற்றப்பட்ட ஆப்பிரிக்கக் குடும்பங்களுக்கும் இந்தப் பத்தாண்டு விதி பொருந்தும் என்பதை நம்மவர்கள் மறந்துவிடக் கூடாது. 1949இன் கசப்பு எங்கள் வீட்டிலும் நெடுங்காலம் இருந்தது. ஆயினும் வெளியேற்றப்பட்டதில் அவர்கள் இழந்தது நம்மைவிடக் குறைவில்லை.

வாரிசுகளை நிறுவுவதற்குப் பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றிதழ்களோடு குடும்ப மர வரைபடமும் கேட்டார்கள். தாத்தாவின் பெயர் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருந்ததால், எல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று தனி வாக்குமூலம் தர வேண்டியிருந்தது. மகன்களுக்கு மட்டுமே பங்கு என்று வீட்டில் சிலர் வாதிட்டார்கள். நேரடி வாரிசு என்றால் மகளும்தான் என்று தெளிவானதும், எல்லோரும் சேர்ந்து அத்தைக்கே எங்கள் சார்பில் பேச அதிகாரம் அளித்தோம். தாள்களைக் காத்தவர் என்ற முறையில் அதுவே நியாயமாகவும் இருந்தது.

அந்த மனையைத் திரும்பப் பெற வழியில்லாததால் பணமாகப் பெற்றுக்கொள்ள ஒப்புக்கொண்டோம். இடத்தைப் பயன்படுத்தும் உரிமையை இழந்ததற்கே ஈட்டுத்தொகை கணக்கிடப்பட்டது. தாத்தா ஆண்டுக்கணக்கில் கடன் கொடுத்துச் சேர்த்த வாடிக்கை, வெளியேறியபோது வசூலாகாமல் நின்ற பற்று ஆகியவற்றைக் கடன் நோட்டுகளோடு நாங்கள் சமர்ப்பித்தும், அவற்றுக்குத் தனியாக எதுவும் கிடைக்கவில்லை. ஒரு கடைக்காரரின் உண்மையான சொத்து அந்த வாடிக்கைதான் என்பதால், இதை நான் இன்றும் பெருங்குறையாகவே கருதுகிறேன்.

2014இல் ஒரு திருத்தச் சட்டம் புதிய கோரிக்கைகளுக்கு வழி திறந்தது. ஆனால் 2016 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. ஆகையால் 1998க்குள் கோரிக்கை வைத்து இன்னும் முடிவு காணாதவர்கள், தங்கள் குறிப்பு எண்ணையும் மூல உரிமத் தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு, படிகளை மட்டுமே கொடுக்க வேண்டும். கோரியவர் காலமாகிவிட்டால், அடுத்த வாரிசின் பெயரை எழுத்து மூலம் உடனே தெரிவிக்க வேண்டும்.