47 படி

மே 28
பிரான்ஸின் மேற்கே, பிரிட்டனிப் பகுதியில் இருக்கும் மோர்லே ஊரில் இறங்கியதும் மழை. பெட்டியோடு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான்.

மே 29
அவன் வீட்டுக்கு 47 படி. சுழல்படி. லிஃப்ட் கிடையாது.

மே 30
ஆஸ்பத்திரியில் மதியம் 2 மணிக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள். அதுவரை எங்கே உட்காருவது? ரூ து மூர் தெருவில் 33-ம் எண், 'டச்சஸ் ஆன்' வீட்டுக்குள் நுழைந்தேன். மரச்சட்டம் கோத்துக் கட்டிய வீடு. ஒவ்வொரு மாடியும் கீழ்மாடியைவிடக் கொஞ்சம் தெருப்பக்கம் துருத்தி நிற்கிறது.

உள்ளே போனால் முன்கட்டு, பின்கட்டு, நடுவில் தரையிலிருந்து கூரைவரை ஒரே வெளியாக ஒரு கூடம். முற்றம்தான், மேலே மூடிவிட்டார்கள், அவ்வளவுதான். வெளிச்சம் கூரை வழியாக இறங்குகிறது. ஒரு பெரிய கணப்படுப்பு. மூலையில் சுழல்படி. அதன் நடுத்தூண் ஒரே ஓக் மரம், சுமார் 11 மீட்டர். மாடிக்கு மாடி அந்தப் படியிலிருந்து முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் மரநடை போகிறது. இந்தப் பக்கத்துப் பிரெத்தோன் மொழியில் அதற்குப் பெயர் பொந்தலேஸ்.

படியை எண்ண மறந்துவிட்டேன்.

மே 31
டச்சஸ் ஆன் என்பது பிரிட்டனியை ஆண்ட, பிரான்ஸுக்கு ராணியாகவும் இருந்த ஆன் சீமாட்டி. அவள் இறந்தது 1514-ல். வீடு கட்டியது 1530 வாக்கில். செத்தவள் எப்படிக் குடியிருந்தாள்? லினன் துணி வியாபாரத்தில் வந்த பணம் கட்டிய வீடுகள் இவை. பெயர் மட்டும் ராணிக்கு. அண்ணனிடம் சொன்னேன். சிரித்தான், உடனே இருமல். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஜூன் 1
காய்ச்சல் 38.9 செல்சியஸ்.

ஜூன் 2
டச்சஸ் ஆன் வீட்டுச் சுழல்படியில் நோயாளியை எப்படி இறக்கியிருப்பார்கள்?

காலையிலிருந்து இதே நினைப்பு. தூணில் புனித ரோக் நிற்கிறார். கொள்ளைநோய்க்குக் காவல் சாமி, துணியை விலக்கித் தொடையில் இருக்கும் கட்டியைக் காட்டுபவர். அவரை அங்கே நிறுத்தியவர்களுக்குக் காய்ச்சல் தெரியாமலா இருக்கும்? பின்கட்டு அறையில் ஒருவர் படுத்துவிட்டால் பொந்தலேஸ் வரைக்கும் நான்கு பேர் தூக்கி வரலாம். அப்புறம்? திருப்பத்தில் இரண்டு பேருக்கே இடம் போதாது. படுக்கவைத்து இறக்க முடியாது, உட்காரவைத்துத்தான். ஏற்றுவது இன்னும் கஷ்டம்.

அண்ணி சொன்னார்: "முதல்ல அவர் எழுந்து உட்காரட்டும். படியை அப்புறம் பார்த்துக்கலாம்."

சரி.

ஜூன் 3
மழை. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 5
கிராண்ட் ரூவில் 9-ம் எண்ணும் இதே மாதிரி வீடு, பார்க்கலாம். அதே தெரு 17-ம் எண்ணின் படி இப்போது லண்டனில், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில். 1522-ல் இங்கிலீஷ்காரர்கள் வந்து இந்த ஊரைக் கொளுத்தினார்கள். 'அவர்கள் உன்னைக் கடித்தால் நீயும் கடி' என்று ஊருக்கு வாசகமே அதனால்தான் என்கிறார்கள். 1909-ல் அவர்களே காசு கொடுத்துப் படியை வாங்கிக்கொண்டு போனார்கள். அப்போது யாரும் கடிக்கவில்லை போலிருக்கிறது.

ஜூன் 6
தூக்கமில்லை. 58 மீட்டர் உயரத்தில், ஊருக்கு மேலே ரயில் பாலம். 1943 ஜனவரி 29-ல் அதைக் குறிவைத்த குண்டுகளில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் 39 பேர் போனார்கள். பாலம் நிற்கிறது. கடைசி வண்டி போகும் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

ஜூன் 8
காய்ச்சல் இல்லை!!

ஜூன் 9
ஆஸ்பத்திரி வராந்தாவில் 6 படி ஏறினான். பாதியில் உட்காரவில்லை.

ஜூன் 10
9 படி. உட்கார்ந்தான்.

ஜூன் 11
எந்த மாடி என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்களாம். அண்ணி "மூணு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். சுழல்படி என்று சொல்லவில்லை. எனக்குக் கோபம். அவருக்கு அழுகை.

ஜூன் 12
சமையலறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கீழேயிருந்து ஏறிப் பார்த்தேன். 28 படி வரை ஒன்றுமில்லை. 29-ல் நாற்காலியின் பின்கால் நடுத்தூணில் இடிக்கிறது. அந்த இடத்தில் ஏற்கெனவே சுண்ணாம்பு பெயர்ந்து, விரல் நுழைகிற அளவு பள்ளம். எனக்கு முன்னால் யாரோ எதையோ இங்கே இடித்திருக்கிறார்கள். சாய்த்தால் போகும், ஆனால் உட்கார்ந்திருப்பவனைச் சாய்க்க முடியுமா? அண்ணியை உட்காரச் சொன்னேன். முறைத்தார். அப்புறம் உட்கார்ந்தார்.

ஜூன் 13
பின்கால் இரண்டையும் நான்கு விரற்கடை அறுத்தால் போதும். கீழ்வீட்டுக்காரர் ரம்பம் தருகிறேன் என்றார், சாயங்காலம்.