கிளேடன் லாக்குக்கு மேலே: நாட்குறிப்பு

ஆகஸ்ட் 3

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு கால்வாயில் படகோடு வந்து நிற்கிறோம். கிளேடன் மேல் லாக்கில் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். லாக் என்பது இரண்டு முனையிலும் கேட் வைத்து, தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் தொட்டி. தண்ணீர் போதவில்லை, மறு அறிவிப்பு வரை மூடல். ஐந்து லாக் இறங்கினால் க்ரோப்ரெடி பக்கம் போய்விடலாம், இறங்கத்தான் வழியில்லை. எங்களுக்கு முன்னால் மூன்று படகு நிற்கிறது. நல்லவேளை, இரும்புத் தகடு அடித்த கரையாகக் கிடைத்தது. தகட்டுக்கும் அதன் குறுக்கே ஓடும் சட்டத்துக்கும் நடுவில் கொக்கியைச் செருகி, கயிற்றைக் கோத்தால் போதும். முளை அடிக்கிற வேலை மிச்சம். தண்ணீர் தொடும் இடத்தில் தகட்டின் மேல் ஆணியால் ஒரு கீறல் போட்டு வைத்தேன்.

ஆகஸ்ட் 4

கீறலுக்கு ஒரு செ.மீ. கீழே. அக்காவிடமிருந்து போன் இல்லை.

ஆகஸ்ட் 5

இன்னும் ஒரு செ.மீ. இறங்கிவிட்டது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

ஆக்ஸ்போர்டு கால்வாயின் உச்சிமட்டம், அதாவது அதன் மிக உயரமான பகுதி, மார்ஸ்டன் டோல்ஸில் தொடங்கி இங்கே முடிகிறது. 11 மைல், நடுவில் ஒரு லாக்கும் கிடையாது. பொறியாளர் பிரிண்ட்லி போட்ட திட்டம் அது. 1772-இல் அவர் இறந்தபின் அவருடைய உதவியாளர் சிம்காக் வேலையை ஏற்றுக்கொண்டார். பெரும்பாலும் மேட்டைக் குடையாமல் பள்ளத்தைத் தூர்க்காமல், நிலத்தின் மட்டத்தை ஒட்டியே வளைத்து வளைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். வோர்ம்லெய்ட்டன் குன்றைக் கிட்டத்தட்டச் சுற்றியே வர வேண்டும். நேர்க்கோட்டில் அளந்தால் மொத்த தூரம் இதில் பாதிகூட வராது.

11 மைல் என்பது 17,700 மீட்டர். சராசரி அகலம் 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மட்டம் ஒரு செ.மீ. இறங்க 1,770 கன மீட்டர் தண்ணீர் போயிருக்க வேண்டும். இந்த 7 அடி அகல லாக் ஒன்று நிறைய ஏறக்குறைய 100 கன மீட்டர், அதாவது ஒரு லட்சம் லிட்டர். அப்படியானால் ஒரு செ.மீ. என்றால் ஏறக்குறைய 18 லாக் தண்ணீர்! இந்த முனையில் ஒரு படகும் இறங்கவில்லை. இந்த வெயிலில் ஆவியாகிப் போவது அரை செ.மீ.க்குள்தான் இருக்கும். மற்றது பெரும்பாலும் கேட் இடுக்கிலும் கரையிலும் கசிவது. உச்சிமட்டத்துக்கு ஆறு எதுவும் வந்து சேர்வதில்லை. போடிங்டன், வோர்ம்லெய்ட்டன் மாதிரி ஏரிகளில் தேக்கியதை வைத்துத்தான் பெரும்பாலும் ஓட்டியாக வேண்டும். பூட்டியது சரிதான் என்று இப்போது தோன்றுகிறது. நேற்று அப்படித் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 6

விடிகாலை நாலரைக்குச் சமையலறையில் தட்டு சரிந்த சத்தம். பின்னால் கட்டியிருக்கும் படகும் சாய்ந்துதான் கிடந்தது. இதைப் பற்றி விரிவாக எழுதி வைக்கிறேன், அடுத்து இங்கே வந்து நிற்கிறவர்களுக்கு உதவும்.

கால்வாயின் அடி சட்டி மாதிரி. நடுவில் ஆழம், கரையோரம் சேறும் கல்லும் சேர்ந்த திட்டு. மட்டம் இறங்கும்போது படகின் கரைப்பக்க அடி அந்தத் திட்டில் உட்கார்ந்துவிடும். வெளிப்பக்கம் தண்ணீரோடு சேர்ந்து கீழே போகும். கயிறும் இறுக்கமாக இருந்தால் சாய்வு இன்னும் கூடும். தட்டு உடைவது பெரிய விஷயமில்லை. சிங்க், குளியல் தொட்டி, படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் இவற்றின் குழாய் வாய்கள் படகின் பக்கவாட்டில் இருக்கின்றன. வழக்கமாகத் தண்ணீருக்கு மேலே கால் மீட்டர் உயரத்தில் நிற்கிற அந்த வாய், சாய்ந்த பக்கமாக இருந்தால் முழுகிவிடும். அப்புறம் தண்ணீர் குழாய் வழியாக உள்ளே வர ஆரம்பிக்கும். ஆள் தூங்கும் நேரத்தில் படகு இப்படித்தான் மூழ்குகிறது.

சிக்கிக்கொண்டால் எஞ்சினை முடுக்கவே கூடாது. ப்ரொப்பெல்லர் அடியிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சி, படகை இன்னும் கீழே அமர்த்திவிடும். முதலில் கயிறுகளைத் தளர்த்த வேண்டும். முன்பக்கம் இலகு, அங்கே ஆழமாக அமர்ந்திருக்காது. ஆகவே முதலில் முன்பக்கத்தைக் கழியால் தள்ள வேண்டும். அது நகர்ந்த பிறகுதான் பின்பக்கம். உள்ளே இருப்பவர்கள் வெளிப்பக்கமாக வந்து நின்றால் கரைப்பக்க அடி கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். கழியின் நுனியை வயிற்றில் ஊன்றித் தள்ளாதீர்கள். வழுக்கினால் விலா போய்விடும். உடம்பைக் கழிக்குப் பக்கவாட்டில் வைத்துத் தள்ளுங்கள்.

பிறகு கைவண்டிக்குப் போடுகிற காற்றடித்த சக்கரங்கள் இரண்டை, ஒன்று முன்னால் ஒன்று பின்னால், கரைக்கும் படகுக்கும் நடுவில் கட்டித் தொங்கவிட்டோம். படகு இரண்டடி தள்ளியே நிற்கிறது. இறங்கி ஏறப் பலகை போட்டிருக்கிறோம். படுக்கப் போகும்முன் கயிற்றில் ஒரு சாண் தளர்வு விடுவது, காலையில் எழுந்ததும் மறுபடி சரிசெய்வது. இரண்டு நேரமும் விடாமல் செய்ய வேண்டிய வேலை இது.

ஆகஸ்ட் 7

க்ரோப்ரெடியில் இசைவிழா வாரம். இறங்கியிருந்தாலும் கட்ட இடம் கிடைத்திருக்காது என்று இவர் சமாதானம் சொல்கிறார்.

ஆகஸ்ட் 8

மதியம் ஒரு வாடகைப் படகு, லாக் பூட்டியிருப்பது தெரியாமல், முழு வேகத்தில் வந்தது. அலையே இல்லை, அதனால் வேகமில்லை என்று ஓட்டுகிறவர் நினைத்திருப்பார். சேதம் அலையால் வருவதில்லை. ஒடுங்கிய வாய்க்காலில் 15 டன் இரும்பு வரும்போது தன் முன்னால் இருக்கும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே வருகிறது. தன் பக்கவாட்டில் மட்டத்தை இறக்குகிறது, பின்னால் திரும்ப நிரப்புகிறது. கட்டிய படகு முதலில் ஒரு பக்கம் ஓடும், பிறகு எதிர்ப்பக்கம் இழுபடும். வரிசையின் கடைசிப் படகுக்கு இரண்டு முளை, இரண்டும் பிடுங்கிக்கொண்டு தண்ணீரில் விழுந்தன. முன்பக்கம் கால்வாய்க்குக் குறுக்கே போய் நின்றது.

முளையை நட்டுக்குத்தாக அடித்ததுதான் காரணம். தலை தண்ணீருக்கு எதிர்ப்பக்கம், வேலிப் பக்கம் சாய, 45 பாகையில் அடிக்க வேண்டும். கயிறு முளையின் அடியில், மண்ணை ஒட்டி உட்கார வேண்டும். மண் இளகியிருந்தால் இரண்டு முளையைப் பெருக்கல் குறிபோல் அடித்து, ஒன்றன் கண்ணில் மற்றதைக் கோத்துவிட வேண்டும். முன்கயிறு முன்நோக்கி, பின்கயிறு பின்நோக்கி, இரண்டும் சாய்வாகப் போக வேண்டும். கரைக்குச் செங்குத்தாகக் கட்டினால் படகு முன்னும் பின்னும் ஊசலாடும். முன்பக்கத்திலிருந்து பின்நோக்கி இன்னொரு கயிறு கொடுத்தால் அந்த ஆட்டமும் நின்றுவிடும்.

கூரை நடுவிலிருந்து வரும் கயிறு, கரை சேரும்போது பிடித்து நிறுத்துவதற்கு மட்டும். அதை இறுக்கிக் கட்டிவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. உயரத்திலிருந்து இழுப்பதால் ஒவ்வொரு படகு போகும்போதும் நம் படகு கவிழ்கிற மாதிரி சாயும்.

கடந்து போகிறவர்கள் கட்டிய படகுக்குப் பக்கத்தில் வந்தபின் வேகத்தைக் குறைத்துப் பயனில்லை. நாலைந்து படகு நீளம் முன்னாலேயே எஞ்சினை ஐட்லிங்கில் விட்டுவிட வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்காமல் சாவியைக் கையில் கொடுத்து அனுப்புவது பெரிய அநியாயம்.

ஆகஸ்ட் 9

ஒரு செ.மீ. போன் இல்லை.

ஆகஸ்ட் 10

கீறலுக்குக் கீழே நேற்று ஏழு செ.மீ., இன்று ஐந்து. மழை ஒரு துளி இல்லை, ஆனால் இரண்டு செ.மீ. ஏறியிருக்கிறது! காலையிலேயே துள்ளிக் குதித்து இவரை எழுப்பிவிட்டேன். பத்து மணிக்குப் பழைய ஆள் ஒருவர் விளக்கினார். இரவெல்லாம் வடக்குக் காற்று. இவ்வளவு நீளத்துக்குத் தடுப்பே இல்லாத தண்ணீரைக் காற்று இந்த முனைக்கு ஒதுக்கிவிட்டது. காற்று நின்றால் திரும்பிப் போய்விடும். சாயங்காலமே போய்விட்டது.

ஆகஸ்ட் 11

கையிருப்பு. தண்ணீர்த் தொட்டி கால்வாசி. கழிவறைக் கேசட் (கழிவு சேரும் பெட்டி) இரண்டில் ஒன்று நிறைந்துவிட்டது. 20 லிட்டர் கேசட் இரண்டு பேருக்கு ரொம்ப நாள் தாங்காது. குழாயும் கேசட் கொட்டுமிடமும் ஃபென்னி காம்ப்டனில். படகை எடுத்துப் போனால் இந்த இடம் இன்னொருவருக்குப் போய்விடும். பின்னால் இருப்பவர் அங்கே போய்விட்டு வரப்போகிறார், நாலு கேனும் கேசட்டும் கொடுத்தனுப்பினோம்.

பேட்டரி காலையில் 12.4 வோல்ட். 12.2-க்குக் கீழே போகவிடக் கூடாது, அது பாதி காலியான அளவு. காரீய அமில பேட்டரியைத் திரும்பத் திரும்ப அதற்கும் கீழே இறக்கினால் சீக்கிரமே செத்துவிடும். சார்ஜ் ஏற எஞ்சினை ஓட்டலாம், ஆனால் இரவு 8 முதல் காலை 8 வரை கூடாது. ஓட்டும்போது கியர் போடவும் கூடாது. கட்டிய இடத்தில் ப்ரொப்பெல்லர் சுற்றினால் கரையின் அடிமண்ணை அரித்துவிடும். கரை ஏற்கெனவே கசிகிறது.

ஆகஸ்ட் 12

அக்கா பேசினாள். மூன்று நிமிடம். சிக்னல் போய்விட்டது.

ஆகஸ்ட் 14

மழை! மதியத்திலிருந்து விடாமல். மட்டம் ஒன்றரை செ.மீ. ஏறியது, இந்தத் தடவை காற்று இல்லை. நாளை 10 மணி முதல் 2 மணி வரை லாக் திறப்பார்களாம். எஞ்சின் போடுமுன் வீட் ஹாட்ச், அதாவது ப்ரொப்பெல்லருக்கு மேலே உள்ள மூடி போட்ட வாய், பார்த்தேன்: சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, மூடியைத் திறந்து, ப்ரொப்பெல்லரில் சுற்றியிருந்த நைலான் பையை அறுத்து எடுத்தேன். மூடியை இறுக்கித் திருகி, கையால் அசைத்துப் பார்த்தாயிற்று. அது தளர்வாக இருந்தால் ப்ரொப்பெல்லரே எஞ்சின் அறைக்குள் தண்ணீரை அள்ளி ஊற்றும்.

ஆகஸ்ட் 15

எங்கள் முறை நாலாவது. இறங்கும்போது கவனம் முழுக்க சில் மேல்தான். மேல் கேட்டுக்குக் கீழே தண்ணீருக்குள் நீண்டிருக்கும் கட்டுத்திண்டு அது. பக்கச் சுவரில் வெள்ளைக்கோடு போட்டிருப்பார்கள். தண்ணீர் இறங்கி முடியும் வரை படகின் பின்பக்கம் அந்தக் கோட்டுக்கு முன்னாலேயே நிற்க வேண்டும். சுக்கான் அதில் மாட்டினால் முன்பக்கம் மட்டும் இறங்கி, படகு மூக்கால் மூழ்கும். பேடிலில் (கேட்டில் தண்ணீர் விடும் மதகு) நிற்கிறவர் படகைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பேச்சுக் கொடுக்கக் கூடாது. மாட்டிவிட்டதாகச் சத்தம் கேட்டால் முதலில் கீழ்ப் பேடில்களை மூடு, பிறகுதான் மேல் பேடிலைத் திறந்து நிரப்பு.

கீழிருந்து ஒரு படகு ஏறி வருகிறது. அவர்கள் மேல் லாக்கை விட்டு வெளியேறும் வரை நாங்கள் இங்கேயே நிற்கிறோம். அவர்கள் ஏற நிரப்பிய தண்ணீரிலேயே நாங்கள் இறங்கிவிடலாம், ஒரு லாக் தண்ணீருக்கு இரண்டு படகு. இவர் பேடிலைத் திருகும் கைப்பிடியான விண்ட்லஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார், கூப்பிடுகிறார்.