மண் உறையவில்லை, அதுதான் பயம்

தெற்கு ஸ்வீடனில் ஸ்மோலாந்து பக்கம் ஒரு காட்டில் போன ஜனவரியில் நடந்தபோது, அடிக்கு அடி பூட்ஸ் சேற்றில் புதைந்தது. முன்பெல்லாம் இந்த மாதத்தில் தரை கல் மாதிரி இறுகிக் கிடக்கும் என்கிறார்கள் இங்குள்ள பெரியவர்கள். பாதையோரம் ஒரு ஸ்ப்ரூஸ் மரம் வேரோடு சாய்ந்திருந்தது. வேரும் மண்ணும் சேர்ந்து சுவர் மாதிரி என் தலைக்கு மேல் எழுந்து நின்றது, ஆனால் பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் தடிமன் முழங்கால் அளவுகூட இல்லை. ஒரு பெரிய கல்லைக் கவ்விப் பிடித்தபடியே அந்த வேர் மேலே வந்திருந்தது, அது இருந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கிவிட்டது.

ஸ்ப்ரூஸ் வேர் ஆழமாக இறங்காது, தட்டு மாதிரி படரும். குளிர்காலத்திலும் ஊசியிலைகளை உதிர்க்காமல் நிற்பதால் காற்றுக்குப் பாய்மரம் விரித்த மாதிரிதான். மண் உறைந்திருந்தால் வேரை இறுகப் பிடித்துக்கொள்ளும். காலநிலை மாற்றம் என்றதும் எல்லோரும் புயல் பலமாகுமா என்றுதான் கேட்கிறார்கள். காற்று பலமாகவே வேண்டாம், பழைய காற்றே போதும். பிடித்து நிற்கத் தரை இல்லையே!

2005 ஜனவரி 8, 9-ல் அடித்த குத்ரூன் புயல் அதைக் காட்டியது. ஒரே இரவில் சுமார் 7.5 கோடி கன மீட்டர் மரம், அதாவது ஸ்வீடன் முழுக்க ஒரு வருஷத்துக்கு வெட்டுகிற அளவு, சாய்ந்துவிட்டது, பெரும்பாலும் ஸ்ப்ரூஸ். மண் உறையாமல் ஈரமாகக் கிடந்ததும் அதற்கு ஒரு காரணம். பீஹோல்மா என்ற இடத்தில் பழைய விமானத் தளத்தில் சாய்ந்த மரங்களில் கிட்டத்தட்ட 10 லட்சம் கன மீட்டரை வெட்டி அடுக்கி, பூச்சியும் பூஞ்சையும் ஏறாமல் இருக்க விடாமல் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள்.

ஏனென்றால் புயலோடு முடியாது. பட்ட காலிலே படும் என்பது இந்தக் காடுகளுக்கு அப்படியே பொருந்தும். விழுந்த மரத்தில்தான் பட்டை வண்டு பெருகும், அரை சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். பட்டையை உரித்தால் நடுவில் தாய் வண்டு குடைந்த ஒரு கோடு, இருபக்கமும் புழுக்கள் குடைந்த கிளைக்கோடுகள், மீன்முள் மாதிரி. நல்ல மரம் பிசினைச் சுரந்து வண்டை விரட்டிவிடும், வறட்சியில் அது முடியாது. கோடை நீண்டு சூடாக இருந்தால் வண்டு ஒரே வருஷத்தில் இரண்டு தலைமுறை போட்டுவிடும். 2018 கோடையில் வறட்சி, காட்டுத்தீ, அப்புறம் வண்டு என்று மூன்றும் சேர்ந்து வந்தன.

வடக்கே போனால் கதை வேறு. பின்லாந்தின் கிழக்கிலும் வடக்கிலும் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி விழுகிற ஈரப்பனி கிளையில் ஒட்டிக்கொண்டு பாரத்தில் நுனியை முறிக்கிறது. தெற்கில் இந்தச் சேதம் குறையலாம், கிழக்கிலும் வடக்கிலும் கூடும் என்கிறார்கள்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் எதிலென்றால், குத்ரூனுக்குப் பிறகு மற்ற மரங்களையும் கலந்து நடச் சொல்லியும் பெரும்பாலானவர்கள் திரும்ப ஸ்ப்ரூஸையே நட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பைன் கன்று வைத்தால் மூஸ் மான் வந்து குருத்தைக் கடித்துவிடுகிறது, ஸ்ப்ரூஸை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. அந்தக் கன்றுகளுக்கு இப்போது இருபது வயது ஆகிறது. உயரம் கூடக் கூடத்தான் காற்று நன்றாகப் பிடிக்கும், அவை அந்த உயரத்துக்கு இனிமேல்தான் வரப்போகின்றன.