சுண்ணக்கல்லும் ஆறாயிரம் ஆண்டும்

நம் கல்லூரியில் எங்களுக்குக் காலைப் பிரார்த்தனை நடத்தியவரும் பாறைகளின் வயதைக் கற்பித்தவரும் ஒருவரே. எழுபதுகளில் உயர்தர வகுப்பில் புவியியல் படித்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்பது இந்நேரம் விளங்கியிருக்கும். மேடையில் பெயர் சொல்லிப் புகழ்வதை வாழ்நாளெல்லாம் தவிர்த்தவர் அவர். ஆகவே இங்கும் சேர் என்றே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமத்துத் தேவாலயங்களில் பிரசங்கம் செய்வார். திங்கட்கிழமை வகுப்புக்கு வரும்போது சட்டைப் பையில் ஒரு கைவில்லையும் கடதாசியில் சுற்றிய கல் ஒன்றும் இருக்கும்.

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது வேறு எதையும் யோசிக்கவில்லை. ரொறொன்ரோவில் நம்மவர் பிள்ளைகள் சிலர், பூமி தோன்றி ஆறாயிரம் ஆண்டுகளே ஆகின்றன, பாறைப் படைகள் எல்லாம் நோவாவின் ஜலப்பிரளயத்தின்போது ஓராண்டுக்குள் படிந்தவை என்று உறுதியாகச் சொல்வதை அண்மைக் காலமாகக் கேட்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள், விசுவாசமுள்ள வீடுகளில் வளர்ந்தவர்கள். அவர்களோடு பேசும்போதெல்லாம், சேர் இருந்தால் எப்படிப் பேசியிருப்பார் என்றே மனம் போகிறது. நான் சைவன். ஆனாலும் இந்தக் கேள்வியை நிதானமாக அணுக எனக்குக் கற்றுத்தந்தவர் ஒரு கிறிஸ்தவர்.

வலிகாமத்தில் எங்காவது கிணறு வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், எங்களைச் சைக்கிளில் அழைத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார். மேலே செம்மண். அதன் கீழே வெடிவைத்துப் பிளந்த வெண்சாம்பல் நிறச் சுண்ணக்கல். வெட்டுகாரர்கள் கரையில் குவித்திருந்த கற்களில் புதிதாக உடைந்த முகமுள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தண்ணீர் தெளித்து, கைவில்லையை எங்களிடம் தருவார். வெறுங்கண்ணுக்கு மாவுக்கட்டியாகத் தெரிந்த கல், வில்லையின் கீழ் ஓடுகளால் நிறைந்திருக்கும். சிப்பித் துண்டுகள், முருகைக்கல்லின் நுண்துளைகள், அவற்றுக்கிடையே மிளகளவும் அதிலும் சிறியதுமான வட்டத் தட்டுகள். அந்தத் தட்டுகளுக்குள் வளையம் வளையமாக அறைகள். ஒரேயொரு கலம் கொண்ட கடலுயிர் தனக்குக் கட்டிக்கொண்ட வீடு அது என்பார் சேர். நாம் நடந்து திரிந்த தரை முழுவதும் இத்தகைய ஓடுகளின் மேல்தான் நிற்கிறது என்பதை அன்று அறிந்தபோது உண்டான வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

யாழ்ப்பாணச் சுண்ணக்கல் மயோசீன் காலத்தது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி முதல் இரண்டு கோடி ஆண்டுகள் பழையது. வேலண்ட் என்ற புவிச்சரிதவியலாளர் 1920களிலேயே இலங்கையின் மயோசீன் படைகளை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நம் கல்லில் உள்ள வட்டத் தட்டு உயிரினம் ஒன்று கேரளத்தின் கொல்லம் சுண்ணக்கல்லிலும் இருக்கிறது. ஒரே காலத்துக் கடல் இரண்டிடத்திலும் இருந்ததற்கு அது சாட்சி. இதைச் சொல்லிவிட்டுச் சேர் எங்களிடம் கணக்குக் கேட்பார். இந்த உயிர்கள் பிறந்து, வளர்ந்து, இறந்து, ஓடுகள் தெளிந்த ஆழமற்ற கடலில் அமைதியாகப் படிய வேண்டும். படிந்தது இறுகிக் கல்லாக வேண்டும். கல் கடல்மட்டத்துக்கு மேலே வர வேண்டும். அதற்குப் பிறகு மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து நிலாவரைப் பள்ளத்தையும் கீரிமலைக்கு நன்னீர் வரும் நிலத்தடி வழிகளையும் குடைய வேண்டும். ஒன்று முடியாமல் அடுத்தது தொடங்காது. கலங்கிச் சுழன்றடிக்கும் ஓராண்டு வெள்ளத்தில் இதில் எது நடக்கும்?

ஒருநாள் விடுதி மாணவன் ஒருவன் தன் பாட்டனாரின் ஆங்கில வேதாகமத்தைக் கொண்டுவந்தான். ஆதியாகமத்தின் முதற் பக்க ஓரத்தில் கி.மு. 4004 என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. “சேர், நீங்கள் கோடிக்கணக்கில் சொல்கிறீர்கள். வேதத்தில் இப்படி இருக்கிறதே” என்று கேட்டான். அவன் குரலில் குறும்பு இல்லை. உண்மையான கலக்கம் இருந்தது.

சேர் புத்தகத்தை இரு கைகளாலும் வாங்கினார். “தம்பி, இது வேதவசனம் அல்ல. வசனத்துக்கு அருகே ஒரு மனிதர் எழுதிய கணக்கு. அவர் எப்படிக் கணக்கிட்டார் என்று நீர் கேட்டீரா?” என்றார். பிறகு அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷரைப் பற்றி ஒரு பாடவேளை முழுவதும் பேசினார். 1650இல் வெளியான தமது நூலில் அஷர், வேதாகம வம்சவரலாறுகளில் உள்ள வயதுகளைக் கூட்டி, பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சாரின் மரணத்தை உலக வரலாற்று ஆண்டுகளோடு பொருத்தி, படைப்பின் நாளைக் கி.மு. 4004 ஒக்டோபர் 23 என்று கண்டார். அவர் கையில் இருந்தவை ஏடுகள் மட்டுமே. பாறையை வாசிக்கும் முறை இன்னும் பிறக்கவில்லை. அவரைப் பார்த்துச் சிரிப்பவன் அவரளவு உழைத்துவிட்டுச் சிரிக்கட்டும் என்றார் சேர்.

ஆனால் நாங்கள் சிலர் அதற்குள் சிரித்துவிட்டோம். எங்கள் புராணக் கணக்கில் பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டுகள். விஞ்ஞானம் சொல்லும் பூமியின் வயதும் ஏறக்குறைய அவ்வளவு. பெருமை இராதா? சேர் எங்கள் பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டார். “அந்த எண்ணை அளந்தவர் யார்? எதை வைத்து அளந்தார்?” எங்களிடம் பதில் இல்லை. யுகங்களைப் பெருக்கி வந்த எண் அது. சரியான விடைக்கு அருகில் வந்து விழுந்த எண்ணும், அளந்து கண்ட எண்ணும் ஒன்றல்ல. இன்றும் நம் கோயில் விழாக்களில் 432 கோடியைச் சொல்லிக் கைதட்டல் வாங்கும் பேச்சாளர்களைக் கேட்கும்போது எனக்கு அந்த வகுப்பறைதான் நினைவுக்கு வருகிறது.

அளந்து கண்டது எப்படி என்பதைப் புல்மோட்டை மணலை வைத்து விளக்கினார். ஒரு சிறு போத்தலில் அந்தக் கறுப்பு மணல் எப்போதும் அவர் மேசையில் இருக்கும். அதில் சிர்க்கோன் மணிகள் உண்டு. சிர்க்கோன் பளிங்காக உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை ஏற்காது. ஆகவே பிற்பாடு உள்ளே காணப்படும் ஈயம் யுரேனியம் சிதைந்து உண்டானது. யுரேனியம் 238 பாதியாகக் குறைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். யுரேனியம் 235க்கு ஏறத்தாழ 70 கோடி. வேகம் வேறுபட்ட இரண்டு கடிகாரங்கள் ஒரே மணிக்குள் ஓடுகின்றன. இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால் நம்பாமல் என்ன செய்வது? கிளேயர் பற்றர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1956இல், பூமியோடு ஒரே காலத்தில் உருவான விண்கற்களின் ஈயத்தை அளந்து பூமிக்கு 455 கோடி ஆண்டு என்று கண்டார். அந்த எண் இன்றுவரை பெரிதாக அசையவில்லை. இங்கே நம் பிள்ளைகள் காபன் முறை பிழையானது என்று வாதிடும்போது, கோடி ஆண்டுகளை அளக்க யாரும் காபனைப் பயன்படுத்துவதில்லை என்பதையே முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. காபன் 14 ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் பயன்படாது.

இந்த வழக்கு நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் செமினரி தொடங்கியபோது வானியலும் பாடமாயிற்று. 1829இல் ஒரு சந்திர கிரகணத்தைப் பற்றி அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்பும் செமினரியின் கணிப்பும் வேறுபட்டன. அதிபர் டானியல் பூவர் இரண்டையும் வானத்தின் முன் வைத்துச் சோதிக்கச் செய்தார். செமினரியின் கணிப்பே பொருந்தியது. புராணம் சொல்லும் உலகமைப்பை அளவீட்டின் முன் நிறுத்தத்தான் வேண்டும் என்று அன்று மிஷன் கேட்டது. கேட்டது நியாயம். அதே அளவுகோலை ஆறாயிரம் ஆண்டுக்கும் பிடிப்பது அதைவிடக் குறைந்த நியாயமா? சேர் இதைச் சொன்னபோது அவர் குரல் உயர்ந்தது. தாம் வந்த மரபின் மேல் அவருக்கிருந்த பற்றுதான் அப்படிப் பேச வைத்தது.

ஆறாயிரம் ஆண்டு என்னும் இந்த இளம் பூமிக் கொள்கையே பழைய கிறிஸ்தவக் கொள்கை என்று பிள்ளைகள் எண்ணுகிறார்கள். அது முழு உண்மையல்ல. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் அடம் செட்ஜ்விக் ஓர் அங்கிலிக்கன் குருவானவர். சரளைப் படிவுகளெல்லாம் ஒரே பிரளயத்தின் எச்சம் என்று கருதியிருந்த அவர், சான்றுகள் அதற்கு எதிராக இருப்பதைக் கண்டு 1831இல் லண்டன் புவிச்சரிதவியல் சங்கத்தில் அதைப் பகிரங்கமாகக் கைவிட்டார். டார்வினின் கூர்ப்புக் கொள்கை நூல் வெளிவர அப்போது இன்னும் 28 ஆண்டுகள் இருந்தன. இன்று நாம் கேட்கும் வடிவம் 1961இல் அமெரிக்காவில் விட்கம்ப் என்ற இறையியலாளரும் மோரிஸ் என்ற நீரியல் பொறியியலாளரும் சேர்ந்து எழுதிய நூலோடு பரவியது. அந்நூலின் ஆசிரியர் இருவரில் ஒருவரும் புவிச்சரிதவியலாளர் அல்லர்.

கனடாவுக்கு வந்தபின் எனக்குக் கிடைத்த பெரிய வகுப்பறை டொன் பள்ளத்தாக்கின் பழைய செங்கல் தொழிற்சாலை. ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு அரைமணி நேரப் பயணம். செங்கல்லுக்காகக் களிமண் வெட்டியெடுத்த இடம் இப்போது பூங்கா. அதன் வடக்குச் சரிவு வெட்டுமுகம். ஏ. பி. கோல்மன் என்ற ரொறொன்ரோப் பேராசிரியர் இதை ஆராய்ந்தே உலகுக்கு அறிவித்தார். அவர் ஒரு மெதடிஸ்த போதகரின் மகன்.

அடியில் சாம்பல் நிற மாக்கல். ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முந்திய கடலடிச் சேறு, கடலுயிர்களின் பதிவுகளோடு. அதன் மேல் நேராக, பனியாறு அரைத்துக் கொண்டுவந்து கொட்டிய கற்களும் களிமண்ணும். அந்தக் கலவைக்குள் கீழுள்ள மாக்கல்லின் உடைந்த துண்டுகளே கிடக்கின்றன. அப்படியானால் பனி வந்தபோது கீழ்ப்படை ஏற்கனவே இறுகிய கல். அதற்கு மேலே ஏறத்தாழ 120,000 ஆண்டுகள் பழைய மணலும் களியும். அவற்றில் இன்றைய ரொறொன்ரோவைவிடச் சற்று வெப்பமான இடங்களில் வளரும் மரங்களின் எச்சங்களும், ஆற்று மட்டிகளும், இன்று அழிந்துபோன இராட்சத பீவரின் எலும்பும் கிடைத்திருக்கின்றன. இன்னும் மேலே குளிர்காலநிலையின் படிவு. பிறகு மறுபடியும் பனியாற்றின் கலவை.

இளம் பூமிக்காரர் பிரளயத்துக்குப் பின் சில நூற்றாண்டுகள் நீடித்த ஒரேயொரு பனியுகத்தை ஏற்கிறார்கள். இந்தச் சுவரோ பனி, பிறகு காடு வளர்ந்த வெதுவெதுப்பான காலம், பிறகு மீண்டும் பனி என்று வரிசையாகச் சொல்கிறது. ஓர் இளைஞன் என்னிடம், 1980இல் சென் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தபோது சில மணி நேரத்தில் பல மீட்டர் படைகள் உண்டாயினவே என்றான். உண்மைதான். எரிமலைச் சாம்பல் வேகமாகப் படியும். அதை எந்தப் புவிச்சரிதவியலாளரும் மறுக்கவில்லை. படை எவ்வளவு தடிப்பு என்பது மட்டும் கேள்வியல்ல, அதற்குள் என்ன இருக்கிறது என்பதும் கேள்வி. சில மணி நேரத்தில் சாம்பல் படியலாம், காடு வளராது.

கதிரியக்கச் சிதைவின் வேகம் முற்காலத்தில் வேறாக இருந்திருக்கலாமே என்றும் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அதற்கான பதிலொன்று ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தின் வழியாகவே வந்தது. 1987 பெப்ரவரி 24 இரவு, சிலியில் அப்பல்கலைக்கழகத்தின் தொலைநோக்கியகத்தில் இயன் ஷெல்ரன் எடுத்த படத்தில், இருக்கக்கூடாத இடத்தில் ஒரு பிரகாசமான புள்ளி தெரிந்தது. வெளியே சென்று வெறுங்கண்ணாலேயே அதைப் பார்த்தார். ஏறத்தாழ 168,000 ஒளியாண்டுத் தொலைவில் வெடித்த நட்சத்திரம். பின்னர் அதன் ஒளி மங்கிய விதம், அங்கே உண்டான கோபால்ற் 56 நமது ஆய்வுகூடத்தில் காண்பதுபோலவே ஏறத்தாழ 77 நாட்களில் பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. அந்த ஒளி புறப்பட்டபோதும் அதே வேகம்தான். ஒளியைக் கடவுள் பாதி வழியில் படைத்திருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நடக்காத வெடிப்பின் காட்சியை வானத்தில் வைத்து மனிதனை ஏமாற்றும் கடவுளை என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை. சேர் நிச்சயமாக எண்ணியிருக்கமாட்டார். படைத்தவரின் கையெழுத்துப் பாறையிலும் உண்டு என்பதுதான் அவருடைய விசுவாசம்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது வேறு. வேதாகமம் அல்லது விஞ்ஞானம், இரண்டில் ஒன்றைத் தெரிவு செய் என்று பதின்ம வயதுப் பிள்ளையிடம் சொல்லிவிடுகிறார்கள். பல்கலைக்கழகம் போய், முதல் வருடத்தில் அந்தப் பாறைகளை நேரில் பார்க்கிற பிள்ளை, பூமியின் வயதோடு சேர்த்து வீட்டில் கற்ற அத்தனையையும் தூக்கியெறிகிறது. அல்லது பாடத்தையே விட்டுவிடுகிறது. இரண்டும் நட்டம். அந்த விடுதி மாணவனுக்கு இந்த நெருக்கடி வரவில்லை. பக்கத்தின் ஓரத்திலிருந்த எண்ணை விட்டான், வசனத்தை விடவில்லை. படித்துப் பொறியியலாளனாகி, இன்றும் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறான்.

நம் கல்லூரிப் புவியியல் அறையில் சேர் சேர்த்துவைத்திருந்த கல் அலமாரி இடப்பெயர்வுகளில் போய்விட்டது. அதை மறுபடி நிரப்ப எங்கள் வகுப்பினர் விரும்புகிறோம்: வலிகாமத்துச் சுண்ணக்கல், புல்மோட்டை மணல், வன்னிப் பக்கத்துப் பழம்பாறை, பத்துப் பன்னிரண்டு கைவில்லைகள். ஊரில் இருக்கும் பழைய மாணவர்கள் கற்களைச் சேகரித்துத் தந்தால் அலமாரிக்கும் வில்லைகளுக்குமான செலவை நாங்கள் ஏற்கிறோம். இங்குள்ள பிள்ளைகளை வரும் யூலையில் டொன் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் செல்கிறோம். பெற்றோரும் போதகர்மாரும் கூடவே வரலாம். அங்கிருந்து கல் எதையும் எடுத்துவர அனுமதி இல்லை. சுவரின் முன் நின்று எதையும் கேட்கலாம். வர விரும்புவோர் சங்கச் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள்.