இரண்டாவது முறை தேறினேன்: "எந்தத் திரவத்தில் அளந்தீர்கள்?" என்ற கேள்வி

நேற்று மாலை முடிவு வந்தது. முனைவர் பட்டத் தகுதித் தேர்வின் வாய்மொழிச் சுற்றில் இந்த முறை தேறிவிட்டேன். ஆறு மாதமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியிருக்கிறது. நானோதுகளின் மேற்பரப்பு வேதியியலையும் புற்றுநோய்ச் செல்லையும் தலைப்பாக எடுத்தவர்களுக்காக, நினைவு மங்குவதற்குள் எழுதுகிறேன்.

சென்ற முறை விழுந்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நேர்மின்னேற்றம் தரும் அமீன் குழுக்கள் போர்த்திய என் துகளின் ஜீட்டா மின்னழுத்தம் (திரவத்தில் துகள் மேற்பரப்பின் மின்னேற்றத்தைக் காட்டும் அளவு) +32 மில்லிவோல்ட். செல் சவ்வு எதிர்மின்னேற்றம் உடையது, அதனால் நேர்மின் துகள் ஒட்டிக்கொண்டு எளிதில் உள்ளே போகிறது என்று விளக்கினேன். தேர்வாளர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதை எந்தத் திரவத்தில் அளந்தீர்கள்?"

"தூய நீரில்."

"செல்கள் எதில் இருந்தன?"

"பத்து சதவீதம் சீரம் கலந்த வளர்ப்பு ஊடகத்தில்."

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. பதில் என் வாயிலிருந்தே வந்துவிட்டது.

சீரம் என்பது இரத்தத்தின் புரதம் நிறைந்த திரவப் பகுதி. அதில் விழுந்த துகளை ஒரு நிமிடத்துக்குள் புரதங்கள் மூடிவிடுகின்றன. இதைத்தான் புரதக் கொரோனா என்கிறோம். செல் பார்ப்பது நாம் பாடுபட்டு ஒட்டிய அமீனை அல்ல, அந்தப் புரதப் போர்வையை. ஆய்வகத்துக்குத் திரும்பியதும் அதே துகளைச் சீரத்தில் ஊறவைத்து, மையவிலக்கில் சுற்றிக் கழுவி, மீண்டும் அளந்தேன். குறி எதிர்மின்னாக மாறியிருந்தது. அந்த எண்ணைத் திரையில் பார்த்தபோது எழுந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஒரு நாள் வேலைதான், முன்பே செய்திருக்கலாம்.

புற்றுநோய்ச் செல்லைத் தேடிப் பிடிக்கத் துகளில் ஒட்டும் குறிவைக்கும் மூலக்கூறுக்கும் இதே கதிதான். டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் ஒட்டிய துகள்கள் சீரத்தில் தம் ஏற்பியை (அந்தப் புரதத்தைப் பிடிக்கும் செல் மேற்பரப்பு மூலக்கூறை) அடையாளம் காணும் திறனை இழப்பதை 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. இந்த ஒன்றை மட்டும் முழுதாகப் படித்துவிடுங்கள். மற்றதெல்லாம் இதற்கு அடுத்தபடிதான் என்பது என் எண்ணம்.

மற்றவை, சுருக்கமாக:

- பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமர்) பூச்சு புரதம் ஒட்டுவதைக் குறைக்கும். செல் விழுங்குவதையும் குறைக்கும். இந்த முரணை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.
- ஒட்டியது வேறு, உள்ளே போனது வேறு. செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி இரண்டையும் சேர்த்தே எண்ணும். குளிரில் செல் விழுங்குவது ஏறக்குறைய நின்று ஒட்டுவது மட்டும் மிஞ்சும்; அந்த 4 டிகிரி செல்சியஸ் கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாமல் தேர்வறைக்குள் நுழையாதீர்கள்.
- கிளாத்ரின் என்ற புரதத்தின் துணையோடு செல் விழுங்கும் வழியைத் தடுக்கும் குளோர்ப்ரோமசின் மருந்தைக் கொடுத்து, உட்கொள்ளல் குறைந்ததைக் கொண்டு மட்டும் "கிளாத்ரின் வழி" என்று முடிவு கட்டாதீர்கள். அந்த மருந்து வேறு பலவற்றையும் தொடும்.
- உள்ளே போன துகள் எண்டோசோமில் (விழுங்கியதைச் செல் அடைத்து வைக்கும் பையில்) சிக்கிக் கிடந்தால் மருந்து இலக்கை அடையாது. "பிறகு என்ன ஆகும்?" என்று கட்டாயம் கேட்பார்கள்.

எனக்கு மனப்பாடம் வராது. நீரில் துகள், சீரத்தில் துகள், செல்லின் வாசலில் துகள், எண்டோசோமுக்குள் துகள் என்று நான்கு வட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றின் வெளிவிளிம்பிலும் என்ன இருக்கிறது என்று தினமும் எழுதிப் பார்த்தேன். குறிப்பேடு நிரம்பியது அப்படித்தான். பட்டியல் போட்டுப் படிப்பவர்களுக்கு இது ஒத்துவருமா என்று என்னால் சொல்ல முடியாது. எனக்கு வேறு எதுவும் உதவவில்லை.

இந்த முறை அவர்கள் பிடித்தது குறிவைக்கும் மூலக்கூறாக நான் எடுத்த ஃபோலிக் அமிலத்தை. அதைப் பிடிக்கும் ஃபோலேட் ஏற்பியைக் குறிவைக்கிறேன் என்றதும், எந்த ஊடகம் என்று கேட்டார்கள். சாதாரண ஆர்.பி.எம்.ஐ. 1640 ஊடகத்திலேயே லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கிறது, அதுவே ஏற்பிகளை நிரப்பிவிடும், ஆகவே ஃபோலேட் இல்லாத ஊடகத்தில் செல்களை வளர்த்தேன், ஏற்பி குறைவாக உள்ள ஏ549 நுரையீரல் புற்றுநோய்ச் செல்களை ஒப்பீட்டுக்கு வைத்தேன் என்றேன். அதே தேர்வாளர்தான். இம்முறை கண்ணாடியைக் கழற்றாமல் குறிப்பெழுதிக்கொண்டார்.