செம்பியின் வாயைப் பார்க்கிறேன்

மார்ச் 3
இன்றும் அதேதான். தெருமுனையில் ஒரு நாய் எதிரே வந்தது. என் நாய் செம்பி கயிறே அறுந்துவிடும் போலப் பாய்ந்து பாய்ந்து குரைத்தாள். நான் சுண்டி இழுத்து அதட்டினேன். வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தவள் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. இது கோபம் இல்லை, பயம். இத்தனை நாள் இதைத் திமிர் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேனே என்று இருக்கிறது.

மார்ச் 5
இன்றைய நடையை அக்கா பக்கவாட்டிலிருந்து போனில் படம் பிடித்தாள். இருபது தடவையாவது போட்டுப் பார்த்திருப்பேன்.

முதலில் செம்பி நாக்கைத் தொங்கப்போட்டு வாய் திறந்தபடி நடக்கிறாள். தூரத்தில் நாய் தெரிகிறது. மூக்கை ஒரு தரம் நக்குகிறாள். தலையை வேறு பக்கம் திருப்பி, ஒன்றுமில்லாத இடத்தில் தரையை மோந்து பார்க்கிறாள். அப்புறம் சட்டென்று வாய் மூடுகிறது. காது முன்னால் வருகிறது, உடம்பின் பாரம் முன்னங்கால்களுக்குப் போகிறது, வால் விறைத்து மேலே நின்று சின்னச் சின்னதாய் ஆடுகிறது. பிறகுதான் குரைப்பு.

வாய் மூடியதற்கும் குரைத்ததற்கும் நடுவே முழுசாக 6 விநாடி. அந்த 6 விநாடியில் நான் என்ன செய்கிறேன் என்றும் படத்தில் இருக்கிறது: கயிற்றைக் கையில் சுற்றி இறுக்குகிறேன்.

வால் ஆடினால் சந்தோஷம் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் கவனித்தது இது: தன்னை வளர்ப்பவரைக் கண்டால் நாயின் வால் அதன் வலப்பக்கம் அதிகம் சாய்கிறது, அறிமுகமில்லாத, அடக்கியாளும் நாயைக் கண்டால் இடப்பக்கம். தெருவில் நின்று அதையெல்லாம் அளக்க என்னால் முடியாது. வாய் மூடுவது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிகிறது. அதையே பிடித்துக்கொள்கிறேன்.

மார்ச் 6
அக்கா பையன் செம்பியைக் கட்டிப்பிடித்தான். அவள் கொட்டாவி விட்டாள். முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுபோக, வெள்ளை விழி பிறை மாதிரி தெரிந்தது. "விட்டுடுடா கண்ணா" என்றேன். விட்டதும் தலையிலிருந்து வால்வரை உடம்பை உதறிவிட்டு நகர்ந்தாள். இனி உறுமினாலும் அதட்டப்போவதில்லை. உறுமக்கூடாது என்று பழக்கிவிட்டால் பயம் போய்விடாது, எச்சரிக்கைதான் போய்விடும். அடுத்தது கடியாக இருக்கும்.

மார்ச் 9
தூரம் அளந்தேன். 30 அடி வைக்கும் தொலைவில் வேறு நாய் இருந்தால் வாய் திறந்தே இருக்கிறது. 20 என்றால் மூடிவிடுகிறது. ஆகவே 30க்குக் குறையாமல் தள்ளித்தான் நிற்கிறோம். நாய் கண்ணில் பட்டதும் வேகவைத்த கோழித் துண்டு. அது மறைந்ததும் துண்டும் நின்றுவிடும். முதலில் நாய், பிறகுதான் கோழி. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் காட்டிய வழிதான்: ஒன்றைத் தொடர்ந்து தீனி வந்துகொண்டே இருந்தால், அதைக் கண்டாலே தீனி வரும் என்று நாய் கற்றுக்கொள்ளும். வரிசை மாறினால், கோழி வந்தாலே எங்கோ நாய் வரப்போகிறது என்று பயப்படக் கற்றுக்கொள்வாள்.

மார்ச் 12
மோசமான நாள். காலையில் தடுப்பூசி, மதியம் பக்கத்து வீட்டில் துளைபோடும் சத்தம். மாலையில் 40 அடியிலேயே வெடித்துவிட்டாள். கோழியை விரலோடு சேர்த்துப் பிடுங்கினாள். அப்படிப் பிடுங்குவதும் பதற்றத்தின் அடையாளம்தான். ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்த பயம் அது, பாவம். இனி இரண்டு நாள் தெருவுக்குப் போகப்போவதில்லை. பழைய துண்டுக்குள் தீனியைச் சுருட்டி வைத்தேன். மோப்பம் பிடித்துத் தேடித் தின்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

மார்ச் 21
22 அடி. வாய் திறந்தே இருந்தது.

ஏப்ரல் 2
திருப்பத்தில் எதிர்பாராமல் ஒரு கறுப்பு நாய், 15 அடிகூட இருக்காது. செம்பியின் வாய் மூடியது. என் கை தானாகக் கயிற்றை இறுக்கப் போனது, தளர்த்தினேன். நேராகப் போகாமல் வளைந்து விலகி நடந்தேன். நேருக்கு நேர் போவது நாய்களுக்கு வம்புக்குப் போவது மாதிரி. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினேன். நாலில் மூக்கை நக்கினாள். ஐந்தில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

பையிலிருந்த கோழி முழுவதும் அவளுக்குத்தான். மெதுவாக, விரல் படாமல் எடுத்துக்கொண்டாள். நாலு அடி தள்ளிப்போய் உடம்பை உதறினாள். வாய் திறந்தது, நாக்கு வெளியே தொங்கியது.